துண்டுக்கு அடியில்

ஆனி மாதம். இரவு ஒன்றே முக்கால்.
பர்கூர் சாலை வளைவு வரைக்கும்
பெங்களூரா ஏற்றிய லாரிகள்.
கூழ் ஆலையின் பாய்லருக்குப் பின்னால்
முன்பு சாக்கு அடுக்கியிருந்த அறையில்
சர்வர், நான், ஒரு மேசை விசிறி.
விசிறி சர்வருக்கு.

லினக்ஸ் அப்டேட்டில் இன்று ஏழு திருத்தங்கள்,
எல்லாம் மறையாக்க நூலகத்துக்கு.
ஆறு சில்லறை:
எல்லை தாண்டிப் படித்துவிடும் ஒரு வரி,
இரண்டு முறை விடுவிக்கப்பட்ட நினைவகம்,
காலாவதியான சான்றிதழுக்குத் தலையாட்டும் சோம்பல்,
இப்படி.
ஏழாவதில் கண் நின்றது.

தப்பாக வந்த பொட்டலத்துக்கு
‘இல்லை’ என்று சொல்ல அது எடுக்கும் நேரம்
எல்லாத் தப்புக்கும் ஒன்றாக இல்லையாம்.
கொஞ்சம் சரியான தப்புக்கு
ஓர் இம்மி கூடுதலாக யோசிக்கிறதாம்.
ஒருவன் லட்சம் முறை கதவைத் தட்டி
அந்த இம்மிகளைக் குறித்துக்கொண்டே போனால்
பூட்டில் கை வைக்காமலே
உள்ளிருப்பதை வாசித்துவிடலாம்.

வேடியப்பன் போனில், “சாப்டியா?”
“ம்… ஆச்சு.”
“பொய்.”

கட்டளை கொடுத்தேன்.
இறங்கியது, விரிந்தது, பழையதை அழித்துவிட்டு அமர்ந்தது.
இருபது வினாடி.
முடிந்தது என்றது திரை.
முடியவில்லை.
வட்டில் இல்லாத பழைய நூலகத்தை
எடைமேடை நிரல் இன்னும் நெஞ்சில் வைத்து ஓடுகிறது.
நானூற்றுப் பன்னிரண்டு நாளாய் நிறுத்தாத நிரல்.
ஒருமுறை செத்துப் பிழைத்தால்தான்
புதியதைப் பிடிக்கும்.

செருப்பில் மாம்பிசின் ஒட்ட ஒட்ட நடந்துபோய்ச் சொன்னேன்:
“திம்மராஜ், நாலு நிமிஷம் எடை நிறுத்தணும்.”
“நாலா? குப்பம் வண்டிக்காரன் என்னைத் தின்னுடுவான் மேடம்.
பழம் மேலயே வெந்துட்டிருக்கு. ரிப்பேரா?”
“இல்ல, நல்லாத்தான் ஓடுது.”
“நல்லா ஓடுறதை எதுக்கு நிறுத்தணும்?”

நியாயமான கேள்வி.
அந்த இம்மியைப் பற்றிச் சொன்னேன்.
விவசாயிகளின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகும் பாதை
இதே பூட்டுக்குள் என்றேன்.
சீசன் இல்லாத மாதங்களில்
குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுத் தரகு பார்ப்பவன்.
கொஞ்ச நேரம் தடுப்புக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“துண்டுக்கு அடியில விரல் பிடிச்சா
வெலை எவனுக்கும் தெரியாது. சரியா?
ஆனா வாங்குறவன் தொண்டை ஏறி இறங்கும் பாருங்க,
நான் அதைத்தான் பாப்பேன்.”
“அதேதான்.”
“அப்ப இது மூஞ்சிக்கும் ஒரு துண்டா?”

கம்பி இறங்கியது.
ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டன.
தெலுங்கில் வந்த வசவு பாதி புரிந்தது,
புரியாத பாதி இன்னும் மோசமாக இருந்திருக்கும்.
நான்கு நிமிடம் ஆறாயிற்று.
ஐந்தாவது நிமிடத்தில் நிரல் எழுந்திருக்கவில்லை,
அப்போது என் தொண்டையை யாரும் பார்க்கவில்லை.

முதல் வண்டி.
பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
சீட்டு வந்தது,
முன்பு வந்த மாதிரியே, அதே கோணல் எழுத்தில்.
“இதுக்கா நிறுத்துனீங்க?” என்றான் வண்டிக்காரன்.
இதுக்குத்தான்.
இனி எல்லாத் தப்புக்கும்
ஒரே நேரத்தில் ஒரே இல்லை.

பட்டியலில் இன்னும் ஒன்று பழையதோடு ஓடுகிறது:
கேட்டில் விரல் வைக்கும் வருகைப் பதிவு.
அமைத்துக் கொடுத்த இம்தியாஸ்
ஓசூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான்,
கடவுச்சொல்லும் அவனோடு.
மாம்பழப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
எழுதி வைத்தேன்: இம்தி, காலை, போன்.

எட்டரைக்கு எடுத்தான்.
“அந்த மெஷின் பாஸ்வேர்டை வேற எங்கயாச்சும்
எழுதி வெச்சியாடா?”
“இல்லக்கா.”

கேள்வி முடியும் முன்பே சொன்னான்.
ஓர் இம்மிகூட யோசிக்காமல்.